கலர் செக்கிங்

“தராசு ரெடிங்க சார். ஏத்தீரலாமுங்களா?” மூன்றாவது தடவையாகக் கேட்டார் நல்லூர் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன்.

“இருக்கட்டும்ணே. மொதல்ல கலர் பாப்போம்” என்றார் தணிக்கை அதிகாரி ஜெயபாண்டி. மதுரைப் பக்கத்து ஆள். அடுக்கியிருந்த கட்டு ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நிலநடுக்கத்தில் வீடிழந்து, புது வீடு எழும்பும்வரை கூடாரத்தில் படுக்கும் மலை ஜனங்களுக்கான பருத்திப் போர்வைகள். பணம் வெளிநாட்டு உதவி, வாங்குவது அரசாங்கம். போர்வை ஒன்று இரண்டு கிலோ இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். டெண்டருக்காக மேலே பலரைக் கவனித்திருந்தார் மகுடேஸ்வரன். எடை குறைந்தால் கம்பெனியே ஏலத்துக்குப் போய்விடும்.

“டியூப்லைட்ல கலர் தெரியாது. வாசல்ல விரிச்சுப் போடச் சொல்லுங்க.”

பகல் வெளிச்சத்தில் கலர் பார்ப்பது திருப்பூரில் வழக்கம்தான். மறுத்தால் சந்தேகம் வரும். சூப்பர்வைசர் முனீஸ் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்ததும், வாசலில் கிடந்த ஹோஸ் பைப்பைச் சுருட்டி ஒதுக்கிவிட்டுப் போர்வைகளை விரித்தான்.

ஜெயபாண்டி கைக்குட்டையை வேப்பங்கிளையில் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார். கலரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. இளநீர் குடித்தார், பேப்பர் படித்தார், போனில் யாரிடமோ கதை பேசினார். வெயில் சுள்ளென்று ஏறியது.

மகுடேஸ்வரன் வாசலுக்கும் தராசுக்கும் நடையாய் நடந்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கவர் வரட்டும் என்றுதான் இந்த ஆள் இழுத்தடிக்கிறான் என்று முடிவு கட்டினார். இந்த உத்தியோகக்காரர்களை அவருக்குத் தெரியாதா என்ன?

இளநீர்க் காய்க்குப் பக்கத்தில் ஒரு கவரை நகர்த்தினார். “வெச்சுக்கோங்க சார். வெரசா முடிச்சுட்டீங்கன்னா லோடு ஏத்தீருவனுங்க.”

ஜெயபாண்டி கவரைத் தொடவில்லை. “அங்க இப்பவே பனி கொட்டுதாம்ணே. புள்ளைக நடுங்குதுகளாம். ஒங்க ஊரு வெயிலு எவ்வளவு நல்லாருக்கு.”

பத்தவில்லை போலிருக்கிறது, பேரம் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார் மகுடேஸ்வரன். இன்னொரு கவர் எடுக்க உள்ளே திரும்பினார்.

அப்போதுதான் ஜெயபாண்டி எழுந்தார். கிளையில் கிடந்த கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து, விரித்த போர்வையில் புறங்கையை வைத்தார்.

“ஈரம் காஞ்சிருச்சுண்ணே. இப்ப ஏத்துங்க தராசுல.”