கூடாரத்தின் கம்பிகள்

மலையேறப் போகும் சம்பத், ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்த பின்னரே பையில் வைப்பவர். கூடாரத் துணியை அவரும் கம்பிகளை நண்பர் ரங்கனும் சுமப்பது இருபதாண்டு வழக்கம். சென்ற ஆடியில் ரங்கன் இறந்தார். கம்பிகள் கீழ்க்கட்டளையில் அவர் வீட்டிலேயே இருக்கின்றன. தாம்பரத்தில் மலையேற்றப் பொருள்கள் விற்கும் கடையின் வெண்ணிற வெளிச்சத்தில் சம்பத் துணியை விரிக்கிறார். மின்சார ரயில் கடக்க, கண்ணாடிக் கதவு அதிர்கிறது. மடிப்பில் ஒட்டிய காய்ந்த புல்லை விற்பனைப் பெண் ஓவியா தட்டப்போகிறாள். அவர் கை குறுக்கே நீள்கிறது. கம்பிகள் நண்பர் வீட்டில் இருப்பதைச் சொல்லி, இதற்குக் கம்பி கிடைக்குமா என்று அவளிடம் கேட்கிறார். “கம்பி மட்டும் தனியா வராது சார். ஃப்ரெண்டு வீட்லயே கேட்டு வாங்கிக்கலாமே?” “போனா, அவர் சம்சாரம் இன்னும் பழக்கத்துல ரெண்டு டம்ளர் காபி கொண்டாந்து வைக்கிறாங்கம்மா.” சம்பத் துணியை மெல்ல மடிக்கிறார். “ஒரு ஆள் டென்ட்டே குடும்மா.”