குளிசைக்கு எதிராக ஒரு மனு

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?"

கல்லூரி கிளினிக்கில் மகள் நிரூபா காத்திருப்பதைக் கண்டதும் ஜெயரட்ணத்தாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தக் கிளினிக்கில் கருக்கலைப்புக் குளிசை கொடுப்பதை நிற்பாட்டச் சொல்லிக் கோயில் கமிட்டி எழுதிய மனுவைக் கொடுக்கத்தான் மனிதர் வந்திருந்தார். அதற்குக் கையெழுத்துச் சேர்க்க ஸ்காபரோவில் அவர் ஏறி இறங்காத கடை இல்லை. போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி முக்கால் மணித்தியாலம் முழங்கியவரும் இவர்தான்.

நிரூபா எழும்பவில்லை. "அலுவலாத்தான் வந்தனான் அப்பா. அது முடியாமல் வீட்ட வர மாட்டன்."

என்ன அலுவல் என்று கேட்டார். அவர் கையிலிருந்த மனுவின் தலைப்பை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

முதலில் அக்கம்பக்கத்தில் தமிழ் முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார், அதுதானே முக்கியம். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, மானம் போச்சு, மரியாதை போச்சு என்று குசுகுசுத்தார். உடம்புக்கு எப்படி என்று மட்டும் கேட்கவில்லை. எங்கட டொக்டரிடமாவது போயிருக்கலாமே என்றார்.

"அவரிட்டப் போனா, அவற்ற மனிசி பின்னேரமே கோயில் முழுக்கச் சொல்லிப்போடுவா."

"சரி, ஆர் ஆள்?"

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவர்தான். கமிட்டியில இருக்கிறார்."

கமிட்டியில் கலியாணம் கட்டாதவன் கீதன் ஒருவன்தான். போன கிழமைகூட வீட்டுக்கு வந்து மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனவன். ஜெயரட்ணத்தாருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கீதனோ?"

"சீ, இல்லை. இவர் கலியாணம் கட்டினவர். பிள்ளையும் இருக்கு."

"பேரைச் சொல்லு. உப்பிடிப்பட்டவனை நாளைக்கே கமிட்டியால கலைக்கிறன்."

நிரூபா இப்போதுதான் எழும்பினாள். உள்கதவு திறந்தது. கழுத்தில் மாணவர் அட்டையும் கையில் மருந்துப் பையுமாக வெளியே வந்தாள், செப்டம்பரில் இதே கல்லூரியில் முதியோர் பராமரிப்புப் படிக்கச் சேர்ந்த அவர் மனைவி யோகராணி.