வெள்ளைக்காரிக்கு வயித்து வலி

"ஏரோப்ளேன் ஏறி வந்தது இங்க படுத்துக்கவா?"

கலியபெருமாள் மேஸ்திரி கரண்டியைக் கலவைச் சட்டியில் போட்டுவிட்டு வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே பாய் விரித்து, அமெரிக்காக்காரப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பேர் கிளேர். ஊர் வாய்க்கு வசதியாகக் கிளாரா ஆகிவிட்டாள்.

சுனாமியில் இடிந்துபோன மாதா கோயிலைக் கட்டித் தர அவளோடு ஒரு பத்துப் பன்னெண்டு பேர் வந்திருந்தார்கள். ரெண்டு வாரம் இருந்து, வேலை செய்து, போட்டோ பிடித்துக்கொண்டு போவார்கள். நல்ல மனுஷங்கதான், குறை சொல்லக் கூடாது. மரக்காணம் வெயிலில் மூஞ்சி தக்காளியாகச் சிவந்தாலும் விடாமல் செங்கல் சுமந்தார்கள். சுவர் வைக்க மட்டும் மேஸ்திரி.

அதில்தான் சகாயமேரி தலையில் இடி விழுந்தது. மேஸ்திரி எங்கே சுவர் வைத்தாலும் அவளுக்குத்தான் சித்தாள் வேலை. மற்ற நாளில் உப்பளம். அதே சுனாமியில் கடல் ஏறி வந்து இந்த வருஷம் பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்தது. ஊரில் இருந்த ஒரே வேலை இந்தக் கோயில் வேலை. அதையும் வந்தவர்கள் சும்மா செய்கிறார்கள் என்றால் அவள் எங்கே போவாள்?

முந்தின நாள்தான் ஃபாதரிடம் போய் நின்று பார்த்தாள்.

"வேல குடுங்க சாமி. எம்பொண்ணு அடுத்த மாசம் பத்தாவது பரீட்ச எழுதணும். ஞாயித்துக்கிழம மில்லுக்கு ஆள் எடுக்க வேன் வருது. வூட்டுல அரிசி இல்லன்னா அவள ஏத்தி உட்றதத் தவிர வேற வழியில்ல."

ஃபாதர் பாவம், தலையைச் சொறிந்தார். "அவங்க ஊர்ல குடுத்த பணம் சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும்தாம்மா. கையாள் வேலைய அவங்களே காணிக்கையா செய்யறாங்க. நான் என்ன பண்றது?"

சகாயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கூட வந்திருந்த மகள் செல்வியிடம் கிளாரா என்னமோ கேட்டாள். அவளும் பள்ளிக்கூட இங்கிலீஷில் என்னமோ சொன்னாள்.

விடிந்து பார்த்தால் கிளாராவுக்கு வயிற்று வலி.

பிஷப் வந்து கோயிலை மந்திரித்துத் திறக்கத் தேதி குறித்தாகிவிட்டது. ஒரு ஆள் குறைந்தால் வேலை முடியாது. "அந்தப் பொண்ணு எழுந்திரிக்கிற வரைக்கும் மேரி வரட்டும், கூலிய எப்படியாவது பாத்துக்கலாம்" என்று ஃபாதர் சொல்லி அனுப்பினார்.

சகாயமேரி தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் முகத்தில் களை இல்லை.

"அடுத்தவ வவுறு நோவுல நமக்குச் சோறு. மாதாவே, இது பாவமில்லியா?"

புலம்பிக்கொண்டே மத்தியானம் நொய்க் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, கிளாராவுக்கு எடுத்துப் போனாள். அவளும் முகம் சுளிக்காமல் குடித்தாள். தினமும் இதே கதை. கிளாராவுக்குக் கஞ்சியும் குறையவில்லை, வலியும் குறையவில்லை.

அதற்குள் கூட வந்த பையன்களில் ரெண்டு பேர் படுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக இன்னும் ரெண்டு சித்தாள் வந்தார்கள். சமையல்காரி வசந்தாவுக்குத்தான் மானம் போனது.

"எங்கையால தின்னுதான் படுத்துட்டாங்களாம். டீக்கடையில பேசிக்கினு இருக்கானுங்க" என்று மூக்கைச் சிந்தினாள்.

"உன் சோறு இன்னா பண்ணுச்சி? எல்லாம் சோம்பேறித்தனம்" என்றார் மேஸ்திரி. "ரெண்டு நாள் கல்லு தூக்குனாங்க, ஆச தீந்துபோச்சு. இனிமே ஊருக்குப் போயி கோயில் கட்டுனோம்னு சொல்லிக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமை மத்தியானம் வசந்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மேஸ்திரி, மேரிக்கா, ரெண்டு பேரும் வாங்க. அந்த நோயாளி லட்சணத்த வந்து பாருங்க."

சமையல் கொட்டகைக்குப் பின்னால் கிளாரா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. வசந்தா வைத்த கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிற்று வலிக்காரப் பையன் ஒருத்தன் சட்டியை வழித்துக்கொண்டிருந்தான். எதிரே செல்வி, பத்தாவது இங்கிலீஷ் புத்தகத்தோடு.

சகாயமேரி கிளாராவின் தட்டுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஏம்மா, ஒனக்காக நான் மெழுகுத்திரி ஏத்தி அழுதேனேம்மா. தவக்காலத்துல இப்படியா பொய் சொல்லுவ?"

இது ஃபாதர் காதுக்குப் போனால் சகாயமேரியின் வேலையும் இன்றோடு சரி. நாளைக்கு வேன் வரும். திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தாள். இனி எப்படி?

"கேளுடி செல்வி" என்றார் மேஸ்திரி. "ஊர ஏமாத்தவா கடல் தாண்டி வந்தாங்கன்னு நல்லா கேளு."

செல்வி கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். கிளாராதான் எச்சில் கையோடு எழுந்து, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இன்னாடி சொல்றா?"

"கஞ்சி குடுத்தவங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிச்சிக்கணுமாம்."

செல்வி அம்மாவைப் பார்த்தாள்.

"அப்புறம், ஊர்ல இன்னும் எத்தினி சித்தாளு வேல இல்லாம குந்திக்கினு இருக்காங்கன்னு கேக்கறாங்கம்மா. திங்கக்கிழம காலையில அவங்க ஆளுங்கள்ல அத்தினி பேருக்கு வவுறு வலிக்குமாம்."