நாற்பத்திரண்டு நிமிஷ வாசகர்

"சின்னச் சின்ன வாக்கியமா எழுதுங்க ரீ. ஒரு வாக்கியத்துக்கு ஆறு வார்த்தை போதும். அதுக்கு மேல போனா ஆன்லைன்ல யாரும் படிக்க மாட்டாங்க."

சுசித்ரா கன்னடப் பெண்; தமிழ் பேசினாலும் 'என்னங்க' மட்டும் 'ரீ'தான். அவள் சொன்னதும் தருண்குமாருக்குச் சுருக்கென்றது. கம்பெனிகளுக்குக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பிளாக் எழுதிக் கொடுக்கும் ஆபீசில் அவளுக்கு வேலை. அதற்காகக் கட்டின புருஷனுக்கே பாடம் எடுப்பதா?

"இது உங்க ஆபீஸ் ரூலா?"

"ஹௌது ரீ, அதே ரூல்தான். பெரிய பெரிய வார்த்தை கூடாது. அங்கங்க ஒரு படம் போடணும். எழுத்தையும் கொஞ்சம் பெருசா வெச்சா நல்லது."

"சோப்புக்கும் ஷாம்புக்கும் எழுதறதுக்கு அது சரி. என் வாசகர் அப்படிப்பட்டவர் இல்ல."

வாசகர் என்று அவன் ஒருமையில் சொன்னது அடக்கத்தால் அல்ல. இருப்பதே ஒருவர்தான். தேவராஜ மொஹல்லா பூக்கடை, வெற்றிலைக்கடை, மூட்டை தூக்குபவர்கள் என்று மூன்று வருஷமாக மைசூரைப் பற்றித் தன் பிளாக்கில் தமிழில் எழுதுகிறான். ஒரு ஈ, காக்காய்கூட வரவில்லை. நான்கு மாதமாகத்தான் இந்த ஒருவர் வருகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில். ஊர் மைசூர்தான். மூன்று நிமிஷத்தில் படித்துவிடக்கூடிய கட்டுரையில் அவர் நாற்பத்திரண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறார் என்று பிளாக்கின் புள்ளிவிவரப் பக்கம் சொன்னது.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் என்று தருண்குமார் முடிவே கட்டிவிட்டான். சாப்பிட்ட கையோடு ஈசிசேரில் சாய்ந்து, வார்த்தை வார்த்தையாக ருசிக்கிறார்! அவருக்காகவே நடையை உயர்த்தினான். 'சாயங்காலம்' போய், 'கதிரவன் மேற்றிசை அணையும் வேளை' வந்தது. ஒரே வாக்கியம் ஆறு வரிக்கு ஓடியது. அடுத்த வாரமே நாற்பத்திரண்டு ஐம்பத்தைந்தாக ஏறியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா சுசி? கஷ்டமா எழுத எழுத இன்னும் ரசிக்கறார்!"

சுசித்ரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பாவம் ரீ அவர்."

"என்ன பாவம்? முன்பின் தெரியாத மனுஷன் இப்படி உருகறார். நீ, கல்யாணமாகி இந்த எட்டு மாசத்துல என் எழுத்தை ஒரு வரி படிச்சிருப்பியா?"

அவள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள்.

கேட்ட பிறகு அவனுக்கே மனசு கேட்கவில்லை. ஆனாலும் வருத்தம் பொய்யில்லை. ஊர் படிக்காவிட்டால் போகட்டும், கட்டினவள் எட்டிப் பார்க்கக் கூடாதா? அவள் ஒருத்தி படித்திருந்தால் பேராசிரியரையே மறந்திருப்பான்.

அவசரத்தில் சுசித்ரா வீட்டுச் சாவியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்று அவனுக்கு லீவு. மத்தியானம் அதைக் கொடுக்க அவள் ஆபீசுக்கே போனான். சமாதானத்துக்கு வழியில் கொஞ்சம் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டான்.

சாப்பாட்டு அறையில் சுசித்ராவின் முதுகுதான் தெரிந்தது. பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் தமிழ்ப்பெண் மோலி. டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை. சுசித்ரா செல்போன் திரையில் விரலை ஊன்றிக்கொண்டு, "க... தி... ர... வ... ன்" என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். எதிரே விரித்துவைத்த நோட்டில், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குக் கீழேயும் அதற்கான கன்னட எழுத்து.

தருண்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் லேசா எழுதச் சொல்லேன்டி. நாலு மாசமா நம்ம சாப்பாடு ஆறிப்போகுது," என்றாள் மோலி.

"சொல்லாம இருப்பேனா? ஆபீஸ் ரூல்னு பொய்கூடச் சொல்லிப் பாத்துட்டேன் மோலி!"