பரீட்சை நாளில் பெருநாள் விருந்து

2025ஆம் ஆண்டு ஏப்ரல் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. மலேசியாவின் சிகாமட்டில் காலை முதலே புழுக்கம். நண்பகலுக்குப் பின் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் ஷஹீரா மாமியார் ரம்ஜான் பீவியோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

மாலை நான்கு மணிக்கு அவளுக்கு ஸ்பானிய மொழிப் பேச்சுத் தேர்வு. இணையவழியில் படித்துவந்த இடைநிலை வகுப்பின் இறுதித் தேர்வு. அதில் தேறினால்தான் ஸ்பானிய வாடிக்கையாளர்களின் அழைப்பை ஏற்கும் வேலையை நிறுவனம் நிரந்தரமாக்கும். தவறினால் இம்மாதத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதே நாளில்தான் வீட்டில் உறவும் நட்பும் வந்து சாப்பிட்டுப் போகும் நோன்புப் பெருநாள் திறந்த இல்ல உபசரிப்பு.

"மாமி, இன்னிக்கு மட்டும் வேணாமே. அடுத்த சனிக்கிழமை வச்சுக்கலாம்."

"லாபிஸ்லேர்ந்து சொந்தக்காரங்க வேன் புடிச்சு வர்றாங்க. கேட்டுல நிக்க வச்சுத் திருப்பி அனுப்பவா? உன் பரீட்சைய மாத்து."

"மாத்த முடியாது மாமி. அடுத்தது ஜூன்லதான். பக்கத்துல வேற ஆள் குரல் கேட்டாலே ரத்து பண்ணிடுவாங்க. யாரோ சொல்லிக்குடுக்குறாங்கன்னு நெனப்பாங்க."

"அலமாக்! ரம்ஜான் பீவி ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்குறான்னு நெனப்பானா அவன்? நெனச்சா எனக்குத்தானே பெருமை!"

அடுப்படியிலிருந்த உறவுப் பெண்கள் சிரித்தார்கள். ஷஹீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது வரிசை வீடு. கூடத்தில் ஒருவர் தும்மினால் அவளுடைய அறையில் கேட்கும்.

சிங்கப்பூரில் வேலையிலிருந்த கணவன் பைரோஸை அழைத்தாள்.

"உங்கம்மாவுக்கு நான் வேலைக்குப் போறதே புடிக்கலைங்க."

"அப்படியெல்லாம் இல்ல லா. பெருநாளாச்சே, அவங்க என்ன செய்வாங்க?"

"நான் என்ன செய்வேன்னு யாருமே கேக்க மாட்டீங்க!"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வினைச்சொற்களை முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

மூன்றரை மணிக்குக் கூடத்தில் சட்டிகள் நகரும் ஓசை. பிறகு கேட்டுச் சங்கிலியின் ஓசை. பிறகு ஓசையே இல்லை.

எட்டிப் பார்த்தாள். மேசை வெறுமையாக இருந்தது. பிரியாணிச் சட்டி, தால்ச்சா, ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோறு எதையும் காணோம். அடுப்படியில் உறவுப் பெண்களும் இல்லை, வாசலில் மாமியின் செருப்பும் இல்லை. கேட்டு வெளியே பூட்டியிருந்தது.

மாமியை அழைத்தாள். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது.

"மாமி கோவிச்சுக்கிட்டுச் சட்டியோட போயிட்டாங்க," என்று கணவனுக்குக் குரல்செய்தி அனுப்பினாள். "பரீட்சை நேரத்துல என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டும் போயிட்டாங்க."

லாபிஸ் வேன் வந்து ஆரன் அடித்தால்? பூட்டிய கேட்டைத் தட்டினால்? இரத்த அழுத்தக்காரரான மாமி மழை வரும் நேரத்தில் எங்கே போனார்?

நான்கு மணி. திரையில் ஆசிரியை இனெஸ் தோன்றினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"உங்கள் வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்," என்றார் ஸ்பானிய மொழியில்.

வழக்கமாகச் சொல்லைத் தேடித் தேடிப் பேசுபவளுக்கு அன்று மடை திறந்தாற்போல் வந்தது. என் மாமியார் பிடிவாதக்காரர். தாம் நினைத்ததை மட்டுமே செய்வார். அடுத்தவர் கவலை அவருக்குப் பொருட்டே இல்லை. இதோ, இந்த நாளில்கூட என்னைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பேசும்போதே ஒரு காது வாசலில் இருந்தது. வேன் வரவில்லை, ஒரு குரலும் கேட்கவில்லை.

தேர்வு முடிந்ததும் மாற்றுச் சாவியால் கேட்டைத் திறந்து, குடையோடு ஓடினாள். ஓட வேண்டிய தொலைவு அடுத்த வீடுவரைதான்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவின் கார் நிறுத்தும் இடம் நிறைய ஆள். லாபிஸ்காரர்கள், கடைத்தெருக்காரர்கள், குழந்தைகள் எல்லாரும் காகிதத் தட்டை ஏந்திக்கொண்டு கிசுகிசுத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் கரண்டியோடு ரம்ஜான் பீவி. சற்றே உரக்கச் சிரித்த ஒருவரைக் கரண்டியை ஓங்கி அடக்கினார்.

"உன் மாமி வேனைத் தெருமுனையிலயே நிறுத்தி, ஒவ்வொருத்தரா நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க," என்றார் காளியம்மா தாழ்ந்த குரலில். "எல்லார் போனையும் அணைக்கச் சொல்லிட்டாங்க. என் வீட்டு டிவியக்கூட விடல!"

"முடிஞ்சிருச்சா புள்ள?" என்றார் ரம்ஜான் பீவி. "இனி சத்தமாப் பேசலாமா?"

"ஏன் மாமி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் சட்டி தூக்க வந்திருவ. அப்புறம் எப்பப் படிப்ப? கேட்டைப் பூட்டலன்னா எவனாவது நேரா உள்ள வந்திருவான்." தட்டில் பிரியாணியை அள்ளி வைத்து நீட்டினார். "என்ன கேட்டாங்க?"

"வீட்டுல உள்ள ஒருத்தரப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான்... உங்களப் பத்திப் பேசினேன் மாமி."

"பாத்தியா காளியம்மா! ஸ்பெயின் வரைக்கும் நம்ம பேரு போயிருச்சு!"

கூட்டம் கைதட்டியது. ஷஹீரா பிரியாணியை அவசரமாக வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஷஹீரா தேறியிருந்தாள். 'தயக்கமின்றி, மனத்திலிருந்து பேசினார்' என்று ஆசிரியை குறித்திருந்தார். வேலையும் நிரந்தரமாயிற்று. தம்மைப் புகழ்ந்து பேசியே மருமகள் தேர்வில் தேறினாள் என்று ரம்ஜான் பீவி வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிவருகிறார்.

ஷஹீரா இன்றுவரை அதை மறுத்ததில்லை.