மேம்பாலத்தடி நாற்றம்

பள்ளிகளில் பாடம் நடத்த மனிதர்கள் வேண்டாமென்று ஆனபோது, வேதியியல் ஆசிரியை பவுலின் ஒரு நாற்றக் கம்பெனியில் சேர்ந்தாள். பொது இடங்களில் யாரும் படுத்துவிடாதபடி துர்நாற்றம் தயாரிப்பதுதான் அங்கே வேலை. முதலில் அருவருப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு அழுகிய இறாலோடு கருகிய மயிரின் வாடையைக் கலந்து பார்த்தாள். ஊறிய சாக்கின் நெடியைக் கொஞ்சம் ஏற்றினாள். தானே ஒன்றைப் படைக்கிற சந்தோஷம் வாழ்க்கையில் முதல்முறையாக வந்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லை.

அந்தக் கலவையைப் பீய்ச்சும் கருவியை மேம்பாலத்தடியில் பொருத்திய மாலை, ஆசையாகப் பார்க்கப் போனாள்.

அங்கே குடியிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குழந்தை பாலைக் கக்கிக்கொண்டே இருந்தது. அதன் வாயைத் துடைத்த தாய் பவுலினை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாக்கடையோரம் பொறந்தவ நான். எந்த நாத்தமும் பழக்கந்தாங்க்கா. இது அப்படியில்ல. எவனோ உக்காந்து ரசிச்சு ரசிச்சுச் செஞ்சிருக்கான்.”

பவுலின் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

“ஒத்துக்கலையாக்கா?” என்று அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பவுலினால் அதை வாங்க முடியவில்லை.