பெரிய சிஸ்டரோட பேஷண்ட்

"கட்டாதேங்கறேன்ல! கையை எடு!"

பெரிய சிஸ்டர் போட்ட சத்தத்துல மொத்த வார்டும் திரும்பிப் பாத்துச்சு. கட்டுத்துணியும் கையுமா நின்ன சின்ன நர்ஸு ஒரு அடி பின்னாடி வச்சா.

கட்டில் பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா. அறுபதுக்கு மேல இருக்கும். நரைச்ச முடி கலைஞ்சு, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து, முந்தானையில திட்டுத் திட்டா ரத்தம். மருந்து ஏத்தற குழாய் பிடுங்கிப்போட்டபடி தரையில சொட்டிக்கிட்டுக் கெடக்கு.

பாத்ததும் பெரிய சிஸ்டருக்குப் புரிஞ்சுபோச்சு. குழாயைப் பிடுங்கிட்டா. அதான் இவங்க கட்டக் கிளம்பிட்டாங்க.

"ஒருத்தியா நான் எத்தனை பேரைப் பாக்கறது?" சின்ன நர்ஸு அழாத குறை. "மறுபடி பிடுங்கினா? எழுந்து நடந்து விழுந்து வச்சா? தலையைக் குடுக்கறது நான்தானே!"

"அதுக்குக் கட்டிடுவியா? கட்டிப்போட்ட கன்னுக்குட்டி சும்மா நிக்குமா? திமிறித் திமிறியே மணிக்கட்டுத் தோல் உரிஞ்சிடும்டி. இது பைத்தியமில்ல. உடம்புல எங்கயோ கோளாறு, அது மூளையைப் போட்டுக் குழப்புது. டெலிரியம்! படிச்சியா இல்ல பரிச்சையில எட்டிப் பாத்து எழுதினியா?"

சின்ன நர்ஸு கட்டுத்துணியைக் கையில சுத்திக்கிட்டா. மரியாதைக்கு ஒரு 'சரி சிஸ்டர்' கூட இல்ல. காலம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டே பெரிய சிஸ்டர் சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நாற்காலிகிட்ட வந்தாங்க. தரை வேற வெறுங்கால்ல சில்லுன்னு ஏறுது.

"இங்க பாரும்மா. பயப்படாத. இன்னிக்கு என்ன கிழமை?"

அந்தம்மா மூக்கை உறிஞ்சினாங்க. "பு... புதனா?"

"வியாழன்"னு சின்ன நர்ஸு முணுமுணுத்தா.

"கேட்டியா! சரி, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அப்படியே பின்னாடி பின்னாடி சொல்லிக்கிட்டு வா, பாப்போம்."

"சனி... வெள்ளி..." அதுக்கு மேல வரல. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அந்தம்மா விம்மினாங்க. "வேணாம், இந்த ஆஸ்பத்திரியே வேணாம். வீட்டுக்குப் போயிடலாம் வா"ன்னு பெரிய சிஸ்டரோட கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

பெரிய சிஸ்டர் குனிஞ்சு உத்துப் பாத்தாங்க. இந்த முகத்தை எங்கயோ பாத்திருக்கோமே. ரொம்பத் தெரிஞ்ச முகம். எங்கன்னுதான் சட்டுன்னு பிடிபடல.

"வயசானா இப்படித்தான்னு கையைக் கழுவிடாதீங்க! இருட்டத் தொடங்கினா இன்னும் ஏறும் இது. இப்பவே பாத்தா தேத்திடலாம், விட்டா ஆளே போயிடும். டாக்டரைக் கூப்பிடுங்க யாராவது!"

யாரும் அசையல. "கட்டித்தான் தொலைங்களேன், மனுஷிக்குத் தலை வெடிக்குது"ன்னு எதிர்க்கட்டில்லேர்ந்து ஒரு முனகல்.

"ஒன்னைக் கட்டினா தெரியும், அந்த வாய் எங்க போகும்னு!"

அதுக்குள்ள ரெண்டு ஆயாம்மாங்க ரெண்டு பக்கமும் வந்து நின்னாங்க. பெரிய சிஸ்டர் நாற்காலியை மறைச்சுக் கையை அகல விரிச்சாங்க. "என்னைத் தாண்டித்தான் அவளைத் தொடணும். என்னைத் தாண்டித்தான்!"

அப்பத்தான் டாக்டர் வேகவேகமா உள்ள வந்தார். ஆயாம்மாங்களைத் தள்ளி நிக்கச் சொன்னார். சின்ன நர்ஸு சொன்னதைக் காதுல வாங்கிக்கிட்டு, நேரா பெரிய சிஸ்டர் முன்னாடி வந்து நின்னார்.

"சொல்லுங்க சிஸ்டர். என்ன பண்ணலாம்?"

அப்பாடா! கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வந்துச்சே! பெரிய சிஸ்டருக்கு மூச்சு வாங்க வாங்க வார்த்தை கொட்டுச்சு.

"அடங்கிப் படுக்கட்டும்னு ஊசியைப் போட்டுடாதீங்க டாக்டர். காரணத்தைத் தேடுங்க மொதல்ல. காய்ச்சலா, மூத்திரத்துல கிருமியா, புதுசா குடுத்த மாத்திரையா, வலியா, பாருங்க. நாக்கு வறண்டு கெடக்கும், தண்ணி குடுங்க. கண்ணாடி போடற ஆளா இருந்தா மாட்டிவிடுங்க, எதிர்ல நிக்கறது யாருன்னு தெரியட்டும். சொந்த மனுஷங்க ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா பேசிக்கிட்டே இருக்கட்டும். கட்ட மட்டும் கட்டாதீங்க. ஒங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன் டாக்டர், கட்டாதீங்க."

"கட்டமாட்டோம். சத்தியமா." டாக்டர் கட்டுத்துணியை வாங்கித் தன் கோட்டுப் பையில திணிச்சுக்கிட்டார். அப்புறம் நாற்காலியில இருந்த அம்மா தோள்ல கையை வச்சு, பெரிய சிஸ்டரைக் கண்ணால காட்டினார்.

"கண்ணைத் தொடைங்க, உங்கம்மா சொன்ன வைத்தியத்தை உங்கம்மாவுக்கே செய்வோம்."